அப்பா வேலையை யார் பார்ப்பது?

(படைவீரர் கொடிநாளையொட்டி வேலூரில், படைவீரர் குடும்பத்துப் பெண்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அரங்கில் நாயப் சுபேதார் ஒருவரின் மனைவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா, புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டைச் சொன்னார். பட்டாளத்துக்காரர் பெண்டாட்டிகளை எந்த மேடைக்குக் கூப்பிட்டாலும் அந்தப் பாட்டைச் சொல்லித்தான் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல பாட்டு. ஆனால் ஒருநாள் அடுப்படியில் நின்று அதை யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. அது ஒரு வேலைப் பங்கீடு. பெற்று வளர்ப்பது தாய்க்கு. சான்றோன் ஆக்குவது தந்தைக்கு. வேல் வடிப்பது கொல்லனுக்கு. நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கு. யானையை வீழ்த்திவிட்டுத் திரும்புவது பிள்ளைக்கு. எல்லாருக்கும் ஆளுக்கொரு வேலை. சரி, தந்தையே களத்தில் இருந்தால் அவர் வேலையை யார் பார்ப்பது? பொன்முடியார் அதைச் சொல்லவில்லை. 1991இல் கல்யாணம், 2012இல் என் வீட்டுக்காரருக்கு ஓய்வு. நடுவில் இருந்த இருபத்தோரு வருடமும் எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

ஊரிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. ‘தாய்க்குத் தாயா, தகப்பனுக்குத் தகப்பனா நின்னு வளர்த்தா’ என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் அந்தப் பாராட்டை நானும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அது தப்பான பாராட்டு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் ஆரணிப் பக்கம். நெசவுக் குடும்பம். அப்பா நாள் முழுக்கத் தறிக்குழியில் இருப்பார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பாவின் முதுகைத்தான் முதலில் பார்ப்போம். அப்பா என்றால் வீட்டிலேயே இருப்பவர் என்று வளர்ந்த பெண் நான். என்னைக் கொண்டுவந்து கொடுத்த இடமோ மூன்று தலைமுறைப் பட்டாளம். மாமனார் 1971 போருக்குப் போனவர்.

இந்த மாவட்டத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஒருநாள் நிமிர்ந்து பாருங்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று பொறித்திருக்கிறார்கள். கழித்துப் பாருங்கள். 263 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்த பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரிந்ததா? அந்தக் கல்லில் இருக்கிற 14ஐப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்ததிலிருந்து, மேஜர் முகுந்த் வரதராஜன் வீட்டாரின் துக்கம் எல்லார் வீட்டுத் துக்கமும் ஆகிவிட்டது. நானும் தியேட்டரில் அழுதேன். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்த 263 பேரின் வீட்டுக்காரிகள். லீவில் வருவார், போவார், கடைசியில் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார். அதைப் படமாக எடுக்க ஆள் கிடையாது.

விவரம் தெரியாத ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஒரு சிப்பாய்க்கு வருடத்தில் 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் காஷுவல் லீவு. இது காகிதத்தில். மொத்தமாகக் கிடைக்காது, எல்லையில் நிலைமை சரியில்லை என்றால் கிடைத்த லீவும் போய்விடும். யூனிட் இரண்டு மூன்று வருடம் ஃபீல்டில் இருக்கும். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. அப்புறம் இரண்டு மூன்று வருடம் பீஸ் ஸ்டேஷன். அங்கே குவார்ட்டர்ஸ் உண்டு, ஆனால் சீனியாரிட்டி வரிசையில்தான் கிடைக்கும். கல்யாணம் ஆன புதிதில் இருக்கிற சின்னப் பையனுக்கு அது வருவதற்குள் முதல் பிள்ளை தவழ ஆரம்பித்துவிடும். என் மகனுக்குப் பத்து வயது முடிந்தபோது உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவனும் அவன் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாளெல்லாம் சேர்த்தால் நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மகள் 1992இல் பிறந்தாள், மகன் 1995இல். செகந்திராபாத்தில் கொஞ்ச காலம் சேர்ந்து இருந்தோம். 1997இல் அவருக்கு ஃபீல்டு வந்தது. நான் இரண்டு பிள்ளைகளோடும் நாலு கறுப்பு டிரங்குப் பெட்டிகளோடும் மாமியார் வீட்டுக்கு வந்தேன். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் பெயர், நம்பர், ரேங்க். அந்தப் பெட்டிகள்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டில், மேசை, ஒளிந்து விளையாட மறைவு எல்லாம்.

அப்போது போன் கிடையாது. கடிதம்தான். முகவரியில் பெயர், நம்பர், யூனிட் எழுதி, கீழே ‘56 ஏ.பி.ஓ.’ என்று போட்டால் போய்ச் சேரும். ஊர் பெயர் இருக்காது. கிழக்கே இருப்பவர்களுக்கு 99 ஏ.பி.ஓ. ராணுவத் தபாலின் ஏற்பாடு அது. ஆள் எங்கே இருக்கிறார் என்று உறையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. ஒருநாள் மகள் பக்கத்து வீட்டு அண்ணனின் அட்லஸை வாங்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். ‘என்னம்மா தேடறே?’ என்றேன். ‘56 ஏ.பி.ஓ. எங்கம்மா இருக்கு? இந்தியா பூரா பாத்துட்டேன், இல்லையே’ என்றாள். ஆறு வயது.

அந்த வருடம் லீவில் வந்தவர் மூன்றாம் நாள் காலையில் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி தேடினார். அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். மகள் போய், பெரிய மனுஷி மாதிரி, ‘அம்மாவைக் கேளுங்க. உங்களுக்கு இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு தெரியாது’ என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். விருந்தாளிக்குச் சொல்வது போல. அவர் சிரித்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். நானும் சிரித்தேன். நம் பிள்ளை எவ்வளவு சூட்டிகை என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

1999 வந்தது. மே, ஜூன் மாதங்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் கார்கில். திருச்சிக்காரர் மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக்கில் வீரமரணம் அடைந்த செய்தி பத்திரிகையில் வந்தபோது எங்கள் தெருவே வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் அப்போது கார்கிலில் இல்லை, வேறு இடத்தில் இருந்தார். ஆனால் அது எங்களுக்குத் தெரியாதே! மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. மாமியார் சாமி மாடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று டிவியின் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மகளிடம், ‘உங்கப்பாவும் அங்கதானே?’ என்று கேட்டிருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பயம் எனக்குத் தெரியக் கூடாது என்று அவள் மறைத்தாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் மறைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்தோம். இன்று அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், ‘கடிதம் வரலை. எனக்கும் கவலையாத்தான் இருக்கு. வந்ததும் உனக்குத்தான் முதல்ல காட்டுவேன்’ என்று சொல்வேன். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளையும் தாங்கும்.

கடிதம் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்லேண்டு லெட்டரில் மூன்று மடிப்பு இருக்கும். என் வீட்டுக்காரர் பத்தாவது வரை படித்தவர். பெரிய எழுத்தாளர் இல்லை. ஆனால் முதல் மடிப்பு எனக்கும் பெரியவர்களுக்கும், இரண்டாவது மகளுக்கு, மூன்றாவது மகனுக்கு என்று ஆரம்பத்திலிருந்தே பிரித்து வைத்திருந்தார். மகனுக்கு எழுத்து தெரியாத வயதில் அவன் மடிப்பில் கோவேறு கழுதை படம் போட்டு, அதன் முதுகில் எத்தனை மூட்டை என்று எண்ணச் சொல்லியிருப்பார். அந்த ஜூன் மாதக் கடிதத்திலும் சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. மகளின் மடிப்பில், ‘வெள்ளாடு குட்டி போட்டதா, எத்தனை, உடனே எழுது’ என்று இருந்தது. அவள் அன்றைக்கே தபால் பெட்டிக்கு ஓடினாள். அப்பா அவளிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறார் அல்லவா?

2000இல் மீரட்டுக்குப் போனோம். பீஸ் ஸ்டேஷன். மூன்று வருடம் எல்லாரும் ஒன்றாக. கேந்திரிய வித்யாலயா வாசலிலேயே இருந்தது. அந்தப் பள்ளிகள் ஆரம்பித்ததே நம்மைப் போல இடம் மாறுகிறவர்களுக்காகத்தான். 1963இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துத்தான் மத்திய அரசு தொடங்கியது. சேர்க்கையின்போது தகப்பனுக்குக் கடந்த ஏழு வருடத்தில் எத்தனை முறை மாற்றல் ஆனது என்று எண்ணுவார்கள். மாற்றல் கூடினால் இடம் கிடைப்பது சுலபம். நாம் பட்ட பாட்டுக்கு மார்க் போடுகிற ஒரே இடம் அதுதான் என்று நான் சொல்வதுண்டு.

அங்கே வேறொரு சங்கதி. குவார்ட்டர்ஸில் ஆபீசர் லைன் தனி, இடைநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்கள் லைன் தனி, ஜவான்கள் லைன் தனி. பள்ளிக்கூடத்திலோ எல்லாரும் ஒரே பெஞ்சு. ஒருநாள் ஒரு பையன் என் மகனிடம், ‘உங்கப்பா எங்கப்பாவுக்கு சல்யூட் அடிப்பாரு’ என்று சொல்லிவிட்டான். இவன் அப்பாவிடமே வந்து, ‘அடிப்பீங்களா?’ என்று கேட்டான். நான் இடையில் புகுந்து ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு, ‘அடிப்பேன்டா. அவரும் எனக்குத் திருப்பி அடிப்பாரு. அடிக்கலைன்னா தப்பு. போய்க் கேட்டுப் பாரு’ என்றார். பையன் நிம்மதியாகப் போய்விட்டான். அந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது. இந்தப் பாராட்டுகளெல்லாம் மறந்துவிடுகிற விஷயம் இது. நான் ஆயிரம் செய்யலாம். சல்யூட் அடிக்கிறவரே சொன்னால்தான் சில பதில் பதிலாகிறது.

2003இல் மறுபடி ஃபீல்டு. மறுபடி ஊர். இந்த முறை போன் வந்துவிட்டது. அவர் இருந்த இடத்தில் வரிசையில் நின்று பேசுவார். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். போன் வந்ததும் கடிதம் நின்றது. எனக்குச் சந்தோஷம்தான், குரலே கேட்கிறதே. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் நான் என்ன பேசினேன் தெரியுமா? ‘உங்க பையன் கணக்குல பதினெட்டு மார்க்கு. உங்க பொண்ணு எதிர்த்துப் பேசறா. நீங்க வந்து கேளுங்க.’ மீரட்டில் இந்தியில் படித்துவிட்டு வந்த எட்டு வயதுப் பையன், இங்கே தமிழில் பெயர் எழுதவே திணறினான். வகுப்பில் ‘இந்திக்காரன்’ என்று பட்டப்பெயர். அவன் கோபத்தை வீட்டில் காட்டினான். நான் நம் எல்லாருக்கும் கைவந்த ஆயுதத்தை எடுத்தேன்: ‘இரு, அப்பா வரட்டும்.’

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் அந்த வார்த்தையைச் சொல்லாதவர் யாராவது உண்டா? கை தூக்க வேண்டாம்.

2004இல் அவர் லீவில் வந்தார். இரண்டு நாள் ரயில், தூக்கமில்லை. அன்று இரவே ஆறு மாதக் குற்றப்பத்திரிகையை வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் சண்டை, பாட்டியைத் திட்டியது, கடையில் கடன் சொல்லி மிட்டாய் வாங்கியது. மறுநாள் காலையில் அவர் பெல்ட்டைக் கழற்றினார். அவர் அடிக்கிற ஆள் இல்லை. நான் அடிக்க வைத்தேன். இதை மேடையில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்துக் கவனித்தேன். சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் பையன் தினமும் காலையில் எழுந்து முதல் வேலையாகத் தாளைக் கிழிக்கிறான். வழக்கமாக அது தாத்தாவின் வேலை. மாதக் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். அவர் திரும்பிப் போகிற தேதி. பிள்ளைக்கு ஏக்கம் போல என்று நினைத்தேன். பிரிய மனமில்லாமல் நாளை எண்ணுகிறான் என்று மாமியாரிடம்கூடச் சொல்லிக் கண் கலங்கினேன். காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று சாயந்திரம் அவன் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு சிரிப்பு. அந்த லீவு முழுக்க அவன் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு. அப்போதுதான் புரிந்தது. அவர் எப்போது போவார் என்றுதான் அவன் நாள் எண்ணியிருக்கிறான்.

அன்று இரவு தூங்கவில்லை. தீப்பெட்டி ஞாபகம் வந்தது. ‘உங்களுக்கு இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு தெரியாது.’ ஆமாம், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வேலை ஒவ்வொன்றையும் நான் எடுத்துக்கொண்டேன். தண்டனை ஒன்றை மட்டும் அவருக்கென்று எடுத்து வைத்திருந்தேன். தகப்பனுக்குத் தகப்பனாக நின்றேன் என்று ஊர் சொன்னதன் அர்த்தம் அதுதான். நான் தகப்பனாக நின்ற இடத்தில் அவர் நிற்க இடமில்லை. மீதி இருந்தது போலீஸ்காரர் இடம்.

மகள் பிற்பாடு படிக்கும்போது எனக்கு ஒரு பேராசிரியையைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் பாலின் பாஸ் என்று பெயர். வியட்நாம் போரில் காணாமல்போன படைவீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். ஆள் வீட்டில் இல்லை, மனதில் இருக்கிறார். அவரைக் குடும்பத்துக்குள் சேர்த்து எண்ணுவதா, வெளியே வைத்து எண்ணுவதா என்று வீட்டாருக்கே புரியவில்லை. இந்த நிலைக்குப் பேராசிரியை ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தவை திரும்பி வராதவர்களின் வீடுகள். அந்தத் துயரம் பெரியது, நம்முடையதை அதோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் உள்ளேயா வெளியேயா என்கிற குழப்பம் எனக்குத் தெரிந்த குழப்பம். நம் வீட்டுக்காரர் வருடத்தில் இரண்டு தடவை உள்ளே வந்து இரண்டு தடவை வெளியே போகிறார். ஒவ்வொரு தடவையும் பிள்ளை கதவைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. பதிலை அவரே முன்னமே கண்டுபிடித்து வைத்திருந்தார், அந்த மூன்று மடிப்பில். நான்தான் போன் வந்த மும்முரத்தில் அதை நிறுத்திவிட்டேன். ‘மறுபடி லெட்டர் எழுதுங்க, பசங்களுக்கு மட்டும். எனக்குப் போன் போதும்’ என்றேன். போனில் பிள்ளைகளைப் பற்றிப் புகார் சொல்வதை விட்டேன். வாய் அரிக்கும், விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையில் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும்; காஷ்மீருக்கு அனுப்பி வாங்க முடியாது. கையெழுத்தை நான் போட்டேன். ஆனால் மகனே தன் கையால் மார்க்குகளைத் தமிழில் எழுதி அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்தேன். எழுத்துப் பிழை திருத்த மாட்டேன். ‘கனக்கு 22’ என்று போகும். பதில் வரும்: ‘கணக்கு என்று எழுதணும்டா, மூணு சுழி. 22 போதாது. ஆனா போன தடவை 18தானே? நானும் கணக்கில் ஃபெயில் ஆனவன்தான், தாத்தாவைக் கேள்.’ அவன் தாத்தாவிடம் ஓடுவான். தாத்தா அரை மணி நேரம் கதை சொல்வார். என் மகன் தமிழ் படித்தது பாடப்புத்தகத்தில் அல்ல, அந்தக் கடிதங்களில்தான். அப்பாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எந்த எழுத்தும் வரும்.

2005 கடைசியில் ஒரு பெரிய விஷயம் வந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது, 1962இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் சேர்ப்பார்கள். பையனை அதில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமனாருக்கும் ஆசை. எனக்கும்தான், ஒரு பாரம் இறங்குமே. பையனுக்கு இஷ்டமில்லை. பழைய நானாக இருந்தால் அவனிடம் சண்டை போட்டு, அவர் சார்பாக நானே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ‘இது உனக்கும் அப்பாவுக்கும். நீயே எழுதிக் கேளு’ என்று விட்டுவிட்டேன். என்ன எழுதினான் என்று ஒட்டுவதற்கு முன் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ‘எனக்கு ஹாஸ்டல் வேணாம்ப்பா. நம்ம வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் ஹாஸ்டல்லதான் இருக்காரு’ என்று எழுதியிருந்தான்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. ‘சரிடா. வீட்லயே இரு’ என்று மூன்றே வார்த்தை. அதை மகன் இன்னும் வைத்திருக்கிறான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2012இல் அவர் ஒரேயடியாக வந்தார். பெட்டிகள் வந்து இறங்கின. மகள் கல்லூரியில், மகன் பிளஸ் டூ. பிரிந்திருந்த வருடங்களைவிடச் சேர்ந்திருந்த அந்த முதல் வருடம் கஷ்டம். காலை ஐந்து மணிக்கு ஃபேனை நிறுத்துவார். செருப்பு வரிசையாக இருக்க வேண்டும். ‘லைட் ஆஃப்’ என்றால் அணைக்க வேண்டும். யூனிட்டில் முப்பது பேர் அவர் சொல்வதைக் கேட்டார்கள். இங்கே மூன்று பேர் கேட்கவில்லை. அப்புறம் ஒரு வங்கியில் காவலாளி வேலைக்குப் போக ஆரம்பித்தார், வீட்டில் காற்று வந்தது. ஓய்வு பெற்று வருகிறவரின் பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் பற்றிக் கூட்டம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். பதினேழு வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மகளும் அவரும் நல்ல சிநேகம். மகனும் அவரும் இன்றும் நேரில் உட்கார்ந்தால் கிரிக்கெட்டைத் தாண்டிப் பேசுவதில்லை. அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு நீள நீளமாக எழுதுகிறான். எழுதினால்தான் அவர்களுக்குள் பேச்சு வரும். அப்படிப் பழகிவிட்டார்கள்.

இன்றைய பெண்களுக்கு வீடியோ கால் இருக்கிறது. நல்லதுதான், பிள்ளை நடக்கப் பழகுவதைத் தகப்பன் பார்க்கிறார். ஆனால் சில வீடுகளில் போனைச் சோற்றுத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துவிடுகிறார்கள். ‘நோட்டைக் காட்டு, கையெழுத்தைக் காட்டு, ஏன் சாப்பிடலை?’ என்று ஒரு மணி நேரம் பரேடு. கண்காணிப்பு கேமராவுக்கும் அப்பாவுக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். இன்னொன்று, பெரிய பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: அப்பா எங்கே இருக்கிறார், எப்போது கிளம்புகிறார், பின்னால் தெரிகிற மலை, வண்டி எதையும் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. 2020இல் ராணுவம் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது சும்மா இல்லை. நாங்கள் 56 ஏ.பி.ஓ. என்று எழுதிக் காத்த ரகசியம்தான் அது.

இப்போது பெண்களும் சிப்பாயாகப் போகிறார்கள். 2023 நவம்பரில் அவர்களுக்கும் ஆபீசர்களைப் போலவே பேறுகால விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு என்று ஆணை வந்திருக்கிறது. அடுத்த பத்து வருடத்தில் இந்த மேடையில் ஒரு வீட்டுக்காரர் நின்று, ‘அம்மா வேலையை யார் பார்ப்பது?’ என்று பேசுவார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லையில் ஏதாவது நடந்தால் மறுநாள் வகுப்பில், ‘உங்கப்பா மிலிட்டரிதானே, எழுந்து நில்லு, எல்லாரும் கைதட்டுங்க’ என்று செய்கிறீர்கள். அன்பில்தான் செய்கிறீர்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு யார் கண்ணிலும் படாமல் இருக்க ஆசைப்படும். அழுதால், ‘பட்டாளத்துக்காரர் பிள்ளை அழலாமா?’ என்றும் கேட்காதீர்கள். அழட்டும். வெளியூரில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்றால் ஆறு மாதம் பொறுங்கள். பட்டப்பெயர் வைக்கிறவர்களை மட்டும் பொறுக்காதீர்கள்.

கடைசியாக, இளம் மனைவிமார்களுக்கு. இது பாசம் பற்றியது அல்ல, காகிதம் பற்றியது. பிள்ளை பிறந்ததும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போடுவார்கள். அதில் ஏறினால்தான் பிள்ளை இருப்பதாக ராணுவத்துக்குத் தெரியும். படிப்புப்படி இப்போது ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. அதற்கும், ஓய்வுக்குப் பிறகு இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டைக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. என் மகள் பெயரில் பிறப்புச் சான்றிதழில் இல்லாத ஒரு ‘எச்’ பதிவில் கூடிவிட்டது. தப்பு எங்களுடையதுதான், அவர் அவசரத்தில் எழுதிக் கொடுத்தார், நான் சரிபார்க்கவில்லை. அந்த ஒரு எழுத்தை எடுக்க அபிடவிட், கடிதம், நகல் என்று இரண்டு வருடம் அலைந்தோம். இன்று ராத்திரி அவர் போன் பண்ணும்போது, பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் பார்ட் டூ ஆர்டரில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் அவர் யூனிட்டில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள்.

அதைக் கேட்டு முடித்ததும் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.